தம்பியும் டம்ளரும்

நம்ம சுவர் இதழில் எல்லாரும் தலைவர்களைப் பற்றியும் மரம் வளர்ப்பதைப் பற்றியும் எழுதுவாங்க. நான் எங்க வீட்டு விஷயம் ஒன்றை எழுதுறேன். என் தம்பிக்குப் பால் பாட்டிலை நிறுத்தி டம்ளரில் குடிக்கப் பழக்கிய கதை இது. "இதுல எழுத என்ன இருக்கு?" என்று நினைக்காதீர்கள். நம்ம வகுப்பில் தம்பி தங்கச்சியை இடுப்பில் தூக்கி வளர்க்கிறவங்க எத்தனை பேர் இருக்கோம் என்று எண்ணிப் பாருங்க. அப்புறம் மேலே படிங்க.

எங்க அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போறாங்க. தம்பிக்கு ஐந்து மாசம் ஆனபோதே திரும்ப வேலைக்குப் போக வேண்டியதாகிவிட்டது. அப்பா லோடுமேன். வீட்டுக்கு வர ராத்திரி ஏழு மணி ஆகும். பகல் முழுவதும் அப்பத்தாதான் தம்பியைப் பார்த்துக்குவாங்க. அப்பத்தாவுக்கு முட்டுவலி. அப்படித்தான் எங்க வீட்டுக்குப் பாட்டில் வந்தது. பாட்டிலை வாயில் வைத்துவிட்டால் அவன் படுத்துக்கிட்டே குடிப்பான். யாரும் பிடிக்க வேண்டாம். அந்த நேரத்தில் தண்ணி பிடிக்கலாம், பாத்திரம் விளக்கலாம்.

ஒரு நாளைக்கு ஆறு பாட்டில் குடிப்பான். பாதி பால், பாதி தண்ணி, மேலே சீனி. சோறு ஊட்டினால் துப்பிடுவான். ராத்திரி வாயில் பாட்டில் இல்லாமல் தூங்கவே மாட்டான்.

2025 ஜூன் மாதத்திலிருந்து செப்டம்பருக்குள் அவனுக்கு மூன்று தடவை வயிற்றுப்போக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கிட்டு ஓடணும். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டும், 14 நாளைக்கு துத்தநாக மாத்திரையும் கொடுப்பாங்க. அம்மா லீவு போட்டால் அன்னைக்குச் சம்பளம் கிடையாது. அதனால் நான்தான் பள்ளிக்கூடத்துக்கு லீவு. மூன்று தடவையும் சேர்த்து 11 நாள் எனக்கு ஆப்சென்ட். கணக்கில் இரண்டு பாடம் நடந்து முடிந்திருந்தது.

செப்டம்பரில் பால்வாடியில் எடை போட்டாங்க. 21 மாசப் பிள்ளை, 9 கிலோதான் இருந்தான். எடை அட்டையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மூன்று நிறம் உண்டு. தம்பியின் புள்ளி மஞ்சளில் விழுந்தது. அம்மா அந்த அட்டையை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. ஒன்றும் பேசவில்லை.

அன்னைக்கு ஊருக்கு வந்திருந்த நர்சம்மா தம்பியின் வாயைத் திறந்து பார்த்தாங்க. மேல் முன்பல் இரண்டிலும் பழுப்புக் கறை. "பாட்டில்லயா குடிக்கிறான்?" என்று கேட்டாங்க. பிறகு அவங்க சொன்னதை எல்லாம் நான் வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதி வைத்தேன்.

1. பாட்டிலின் ரப்பர் காம்பிலும் மூடி மரையிலும் பால் ஒட்டிக்கொள்ளும். சரியாகக் கழுவிக் கொதிக்க வைக்காவிட்டால் அதில் கிருமி பெருகும். வயிற்றுப்போக்கு வர அது ஒரு முக்கியக் காரணம். டம்ளரில் மூலை முடுக்கு இல்லை. சோப்பு போட்டு விளக்கினால் சுத்தமாகிவிடும்.

2. தூங்கும்போது வாயில் எச்சில் குறைவாகத்தான் ஊறும். அப்போது இனிப்புப் பால் பல்லிலேயே தங்கும். கிருமிகள் அதை அமிலமாக மாற்றிப் பல்லை அரிக்கும். கீழ்ப்பல்லை நாக்கு மறைத்துக்கொள்ளும். அதனால் மேல் முன்பல்தான் முதலில் கெடும்.

3. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. வயிறு நிறையத் தண்ணிப்பாலைக் குடித்துவிட்டால் சோறு, பருப்பு, முட்டை எதற்கும் இடம் இருக்காது. எடை ஏறாது. சோகையும் வரும்.

4. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதன்பின் மற்ற உணவோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம். ஆறு மாதத்திலிருந்தே டம்ளரில் குடிக்கப் பழக்கலாம். பாட்டில் குடிக்கும் பிள்ளைக்கும் ஒன்றரை வயதுக்குள் அதை நிறுத்திவிட வேண்டும்.

இன்னொரு விஷயம். டிவியில் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் விளம்பரம் வருது. பால் பாட்டிலுக்கு வருமா? நம்ம நாட்டில் 1992-ஆம் ஆண்டு கொண்டுவந்த சட்டப்படி பால் பாட்டிலுக்கும் குழந்தைப் பால் பவுடருக்கும் விளம்பரம் செய்யக் கூடாது. 2003-இல் அந்தச் சட்டத்தை இன்னும் கடுமையாக்கினாங்க. பால் பவுடர் டப்பாவில் தாய்ப்பாலே சிறந்தது என்று போட்டிருப்பதும் அந்தச் சட்டத்தால்தான்.

காலாண்டுத் தேர்வு லீவில் ஆரம்பித்தோம். அப்பத்தா முதலில் ஒத்துக்கவே இல்லை. "பச்சப்புள்ள ஏங்கிப்போயிரும்டி" என்றாங்க. பக்கத்து வீட்டு அத்தை, "ரப்பர்ல வேப்பெண்ணெயைத் தடவு, ஒரே நாள்ல விட்டுருவான்" என்று யோசனை சொன்னாங்க. நர்சம்மா அது வேண்டாம், பயமுறுத்தியோ கசப்பு தடவியோ நிறுத்தாதீங்க, ஒவ்வொரு வேளையாகக் குறைங்க என்று சொல்லியிருந்தாங்க.

முதலில் மத்தியான பாட்டிலை நிறுத்தினோம். சின்ன எவர்சில்வர் டம்ளரில் இரண்டு மடக்குத் தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கவிழ்த்துச் சட்டையை நனைத்துக்கொண்டு சிரித்தான். மறுநாள் பால் ஊற்றினேன். தட்டிவிட்டான். அம்மா காசு கொடுத்து வாங்கின பால் தரையில் ஓடுவதைப் பார்க்க எனக்கு அழுகையே வந்தது. அப்புறம் ஒரு வழி செய்தோம். நானும் அப்பத்தாவும் ஆளுக்கு ஒரு டம்ளரோடு அவன் எதிரில் உட்கார்ந்தோம். டம்ளரோடு டம்ளரை 'டங்' என்று இடித்துவிட்டுக் குடித்தோம். மூன்றாவது தடவை அவனும் டம்ளரை நீட்டினான். 'டங்'குக்காகவே குடிக்க ஆரம்பித்தான்.

நாலைந்து நாளுக்கு ஒரு பாட்டிலாகக் குறைத்தோம். பாலில் தண்ணி கலப்பதையும் சீனி போடுவதையும் நிறுத்தினோம். நாள் முழுவதுக்கும் அரை லிட்டருக்கு மேல் பால் கிடையாது. வயிறு காலியானதும் அவனே சோற்றுச் சட்டியைக் காட்ட ஆரம்பித்தான். பருப்புச் சோறு, முட்டை, பால்வாடி சத்துமாவுக் கஞ்சி எல்லாம் உள்ளே போனது.

ராத்திரி பாட்டில்தான் பெரிய பாடு. மூன்று ராத்திரி தெருவே கேட்கிற மாதிரி அழுதான். "எதுக்குப் புள்ளைய அழவிடுதீக?" என்று எதிர்வீட்டில் இருந்து கேட்டாங்க. காலையில் ஆறு மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிற அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடந்தாங்க. இரண்டாவது ராத்திரி அப்பத்தா மனசு கேட்காமல் பாட்டிலைத் தேடினாங்க. அம்மா அதை முன்பே எடுத்துப் பரணில் போட்டிருந்தாங்க. அப்பத்தா கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு பழைய பாலாடையை எடுத்துட்டு வந்தாங்க. "இதுலதான் உங்கப்பன் குடிச்சு வளந்தான். அப்ப ஏது பாட்டிலு?" என்றாங்க. அதிலிருந்து அப்பத்தா எங்க கட்சி. நாலாவது ராத்திரி அவன் அழுகை குறைந்தது. இரண்டு வாரத்தில் ஒரு வாய் தண்ணி குடித்துவிட்டு அம்மா பக்கத்தில் தூங்கப் பழகிட்டான்.

இதில் எனக்குப் புரிந்தது ஒன்று உண்டு. தம்பியைவிட எங்க வீட்டுக்குத்தான் பாட்டில் அதிகம் தேவைப்பட்டிருக்கு. பாட்டிலுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டாம். டம்ளருக்கு ஒரு ஆள் உட்காரணும். வீட்டில் எல்லாருக்கும் வேலை இருக்கும்போது அந்த ஆள் யார்? பெரும்பாலும் அக்காதான் என்று ஆகிவிடும். அதனால் அம்மா வேளையைப் பங்கு போட்டாங்க. காலை ஏழு மணி டம்ளர் எனக்கு. பதினோரு மணி அப்பத்தாவுக்கு. சாயங்காலம் மறுபடி எனக்கு. ராத்திரி எட்டு மணி டம்ளர் அப்பாவுக்கு. அப்பா முதல் நாள், "எனக்கு இதெல்லாம் வராது" என்றாங்க. இப்போ அப்பா வந்து 'டங்' இடிக்காவிட்டால் அவன் குடிக்கவே மாட்டேங்குறான். அப்பா வர நேரமானால் வாசலையே பார்த்துக்கிட்டு நிற்கிறான். குடித்ததும் வாய் கொப்பளிக்க வைப்பதும் அப்பா வேலைதான்.

டிசம்பரில் மறுபடியும் எடை போட்டாங்க. 9 கிலோ 900 கிராம். புள்ளி பச்சைக்கு வந்துவிட்டது. பால்வாடி டீச்சர் அட்டையை என் கையில்தான் கொடுத்தாங்க. அக்டோபருக்குப் பிறகு அவனுக்கு வயிற்றுப்போக்கு வரவில்லை. தம்பிக்காக நான் போட்ட லீவு அதன்பின் ஒரு நாள்கூட இல்லை. பல்லில் வந்த கறை மட்டும் போகவில்லை. மேலும் பரவாமல் பார்த்துக்கணும் என்று பல் டாக்டர் சொன்னாங்க.

தோழிகளே, தோழர்களே! உங்க வீட்டில் பாட்டில் குடிக்கும் பிள்ளை இருந்தால் இன்றைக்கே ஒரு சின்ன டம்ளரை எடுங்க. எதிரில் உட்கார்ந்து நீங்களும் குடித்துக் காட்டுங்க. சிந்தினால் திட்டாதீங்க. முக்கியமாக, வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஒரு வேளையைப் பங்கு போட்டுக் கொடுங்க. அண்ணன்மாருக்கும் அப்பாமாருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்!

பாட்டிலுக்கு விடை கொடுப்போம்!
டம்ளரை எல்லாரும் பிடிப்போம்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி