கண்ணாடியும் வெள்ளைச் சுவரும்

பொங்கலுக்கு முந்தின வாரம் எங்கள் சமயநல்லூர்ப் பக்கம் வந்து பாருங்கள். பித்தளைக் குடமும் வெண்கலப் பானையும் குத்துவிளக்கும் புளி அப்பிக்கொண்டு வாசலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். காற்றும் ஈரமும் பட்டு உலோகத்தின் மேல் படிந்த கறுப்பைப் புளியின் அமிலம் கரைக்கும். சாம்பலை வைத்துத் தேய்க்கத் தேய்க்க மேற்பரப்பு வழவழப்பாகும். கடைசியில் தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் தேய்த்தவள் முகமே குடத்தில் தெரியும்.

உலோகத்துக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது? எந்த அணுவோடும் ஒட்டிக்கொள்ளாமல் திரியும் எலக்ட்ரான்கள் அதற்குள் ஏராளம். ஒளி பட்டதும் அவை கூடவே அதிர்ந்து, வந்த ஒளியில் பெரும்பகுதியை வெளியே திருப்பிவிடுகின்றன. வெள்ளி நூற்றுக்குச் சுமார் 95 பங்கைத் திருப்பும், அலுமினியம் 90 பங்கு. செம்பு நீல ஒளியில் ஏறக்குறைய பாதியைத் தானே விழுங்கிவிடும். அதனால்தான் அது சிவந்து தெரிகிறது. வெறும் கண்ணாடித் தகடு ஒரு பக்கத்துக்கு 4 பங்கு திருப்பினாலே பெரிது. நாம் முகம் பார்க்கும் கண்ணாடியில் வேலை செய்வதெல்லாம் பின்னால் பூசிய மெல்லிய உலோகம்தான். கண்ணாடியில் வெள்ளியைப் படியவைக்கும் முறையை 1835இல் ஜெர்மனியின் லீபிக் கண்டறிந்தார். கேரளத்து ஆறன்முளையிலோ செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்த தகட்டைத் தேய்த்தே இன்றும் முகம் பார்க்கும் ஆடி செய்கிறார்கள்.

இனி ஒரு வேடிக்கை சொல்கிறேன். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர், எவர்சில்வர் தட்டைவிட அதிக ஒளியைத் திருப்பித் தரும். ஆனாலும் முகம் தட்டில்தான் தெரியும், சுவரில் தெரியாது. ஒளி அலையின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பரப்பின் மேடுபள்ளம் அதைவிடவும் சிறிதாக இருந்தால், கதிர்கள் விழுந்த கோணத்திலேயே வரிசை குலையாமல் திரும்பும். சுண்ணாம்பில் அவை துகள்களுக்குள் புகுந்து நாலாபக்கமும் சிதறிப்போகும். உருவம் அழிந்துவிடும், ஆனால் அறை முழுவதும் வெளிச்சமாகும்.

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.3 மீட்டர் அகலம். அதன் அலுமினியப் பூச்சு மங்கினால் பழையதை நீக்கிவிட்டுப் புதிதாகப் பூசுவார்கள். எத்தனையோ ஆண்டுகள் பயணம் செய்து வந்த நட்சத்திர ஒளி, கடைசி அடியில் ஆடியின் அழுக்கால் கெட்டுவிடக் கூடாதே!

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுசேர்க்கும்போது நாமும் அந்த ஆடிதான். சம்பந்தம் பேசப் போகிறவரும், பங்காளிச் சண்டையில் நடுவில் நிற்பவரும் கேட்டதைக் கேட்டபடி சொல்ல வேண்டும். தன் கோபத்தையும் பழைய கணக்கையும் மேடுபள்ளமாக வைத்துக்கொண்டு போனால், சொன்னவர் முகம் கோணலாகத்தான் தெரியும். கப்பலூருக்கு நாலுவழிச் சாலை பிரியும் இடத்தில் லாரிகளின் பக்கக் கண்ணாடியைக் கவனித்திருப்பீர்கள். வெளிப்புறம் புடைத்த அந்தக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி சிறியதாக, தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். டிரைவருக்கு அது தெரியும், அதனால் சுதாரித்துக்கொள்வார். நம்மைப் பற்றி நாமே புடைத்துக்கொண்டு நின்றால், அடுத்தவர் கஷ்டமும் அப்படித்தான் சிறியதாகத் தெரியும். அங்கே சுதாரிக்க நமக்கு மனசு வருவதில்லை.

கொடுக்கும்போது மட்டும் சுவரின் வழிதான் சரி. நமக்குக் கிடைத்த படிப்பும் வசதியும் நல்ல வார்த்தையும் தந்தவருக்கே திரும்பிப் போனால் அது வெறும் கைமாற்று. யாரோ படிக்கவைத்த பிள்ளை இன்னொரு பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தால்தான் தெருவுக்கு வெளிச்சம்.

இத்தனை வயதில் நான் பார்த்தவரை, குடும்பங்களில் பாதிச் சண்டை இந்த இரண்டையும் மாற்றிச் செய்வதால் வருகிறது. நம்மை நம்பிச் சொன்ன வார்த்தையைச் சுவரைப்போல ஊரெல்லாம் சிதறவிடுகிறோம். அன்பை மட்டும் கண்ணாடியைப்போலக் கோணம் பார்த்து, தந்தவருக்கே அளந்து திருப்புகிறோம்.