பெயரிட்டவர் கடந்து போனார்

மக்கள் குடியிருக்கும் நாடுகளில் ஒரு குன்றுக்குப் பெயரிட்டவர் இன்னார் என்று சொல்வது அரிது. மாடு மேய்த்தவர், விறகு பொறுக்கியவர், மழைமுகம் பார்த்து நின்றவர் எனப் பலர் வாயில் வழங்கி வழங்கியே அது பெயராகிவிடுகிறது. அண்டார்க்டிகாவில் அவ்வாறு வழங்க ஒரு வாய் இருந்ததில்லை. ஆகவே அங்குள்ள குன்றுகளின் பெயர்களுக்குத் தேதி உண்டு. இட்டவரின் நோக்கமும் ஏட்டில் உண்டு. ஷிர்மாக்கர் குன்றுகளைப் பற்றிப் படிக்கையில் நம்மை நிறுத்தியது இந்த வேறுபாடே.

அரசி மாட் நிலம் எனப்படும் பகுதியில், தென் அகலக்கோடு 70 பாகையைச் சற்றே கடந்து, ஏறத்தாழ 35 சதுர கிலோமீட்டர் பரப்பில் இக்குன்றுகள் கிடக்கின்றன. தெற்கே கண்டத்தின் பெரும் பனி. வடக்கே கடல்மேல் மிதக்கும் பனித்தட்டு. இரண்டுக்கும் நடுவே பனி மூடாத கரும்பாறை. உயரம் சராசரி நூறு மீட்டர்தான்; மலை என்று சொல்ல நமக்கே கூச்சமாயிருக்கிறது. ஆனால் கரும்பாறை கோடை வெயிலை வாங்கி வைத்துக்கொள்வதால் பனி உருகி, நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகள் அங்கே உண்டாகியிருக்கின்றன. பாலையில் சோலை என்னும் பொருளில் அதனை 'ஒயாசிஸ்' என்றும் அழைப்பர். மரம் ஒன்றுகூட இல்லாத சோலை!

1938 டிசம்பரில் ஜெர்மனியிலிருந்து 'ஸ்வாபென்லாந்து' என்னும் கப்பல் கேப்டன் ஆல்ஃபிரட் ரிட்சர் தலைமையில் புறப்பட்டது. ஹிட்லரின் அரசுக்கு மார்கரின் செய்யத் திமிங்கில எண்ணெய் தேவைப்பட்டது; அதற்குத் தென்கடலில் ஓர் இடம் வேண்டியிருந்தது. கப்பலில் இரண்டு விமானங்கள் இருந்தன. அவை பறந்த வழியெல்லாம் ஸ்வஸ்திகா பொறித்த உலோக ஈட்டிகள் பனியில் எறியப்பட்டன. அவ்விமானங்களுள் ஒன்றை ஓட்டிய ரிச்சர்ட்ஹைன்ரிச் ஷிர்மாக்கர் 1939-இன் தொடக்கத்தில் இக்குன்றுகளை வானிலிருந்து கண்டார். பெயர் அவருடையதாயிற்று. அதற்குச் சில நாள் முன்னரே, ஜனவரி 14 அன்று, நார்வே அந்நிலம் முழுவதும் தனதென்று அறிவித்துவிட்டிருந்தது.

தெற்கே நெடிதுயர்ந்து நிற்கும் மலைத்தொடருக்கு, கோயரிங்கின் பொருளாதாரத் திட்ட அலுவலகத்தில் உயர் பதவி வகித்த வோல்தாட்டின் பெயர் சூட்டப்பட்டது. அச்சொல்லின் ஒலிக்கு ஜெர்மன் மொழியில் நற்செயல் என்று பொருள். இதைப் படித்தபோது சிரிப்பதா, வருந்துவதா என்று நமக்கு விளங்கவில்லை. வானில் உயிரைப் பணயம் வைத்துப் பறந்தவன் பெயருக்கும், மேசையிலிருந்து செலவுக்கு வழி செய்தவர் பெயருக்கும் நம் மனத்தில் ஒரே தட்டு இல்லை.

வியப்பு இனித்தான். அதே ஜெர்மனியோடு போரிட்டுக் கோடிக்கணக்கான மக்களைப் பறிகொடுத்த சோவியத் நாடு, 1961-இல் இக்குன்றுகளில் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையத்தை அமைத்தது. பெயரை மாற்றியிருக்கலாம், தடுப்பார் இல்லை. ஆயினும் ரஷ்ய வரைபடங்களிலும் அது ஷிர்மாக்கர் சோலையாகவே நிலைத்தது. அவ்வாண்டு ஏப்ரல் 30 அன்று அந்நிலையத்தின் ஒரே மருத்துவரான லியோனித் ரோகசோவ், குடல்வால் வீங்கி வேறு வழியின்றித் தம் வயிற்றைத் தாமே அறுத்து அறுவை செய்து பிழைத்தார். பெயர் சூட்டும் உரிமை நம்மிடம் இருந்திருந்தால், குன்றுகளை அவருக்கே கொடுத்திருப்போம்.

நம் நாடும் பெயரிடாமல் இருந்துவிடவில்லை. பனித்தட்டின்மேல் கட்டிய தட்சிண கங்கோத்ரி பனியில் புதைந்துபோகவே, 1989-இல் இப்பாறையின்மேல் 'மைத்ரி' எழுந்தது. நட்பு என்பது அதன் பொருள். அருகிலுள்ள ஏரி, இந்திரா காந்தியின் பெயரால் 'பிரியதர்ஷினி' ஆயிற்று. ஆள்வோர் பெயரை நிலத்தின்மேல் எழுதும் வழக்கத்தை நாமும் விடவில்லை என்று முணுமுணுக்கத் தோன்றுகிறது. எனினும் மைத்ரியில் குளிர்காலம் கழிப்போர் குடிப்பதும் சமைப்பதும் அந்த ஏரி நீரில்தான்.