திராட்சைக்கு ஒரு ரசீது!

"மாமா, இந்த வாரத்துக்குள்ள எனக்கு ஒரு அம்மா கிடைச்சுடுவாங்க. அப்பாவைத்தான் தேடணும்!"

அக்கா மகள் இப்படிச் சொன்னதும், கார் ஓட்டிக்கொண்டிருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். பெற்ற அம்மா அசரவே இல்லை. நிதானமாக கியர் மாற்றினாள்.

2023 செப்டம்பர். அக்கா (பெரியப்பா மகள்) ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்தில் டாக்டர். அவள் மகளுக்கு செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. டே நதிப் பாலத்தைத் தாண்டினால் அரை மணி நேரப் பயணம். மூன்று சூட்கேஸ், ஒரு பிரஷர் குக்கர்... தூக்க ஆள் வேண்டாமா? ஊர் சுற்றிப் பார்க்க வந்த என்னையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

ஊர் கையகலம். நார்த் ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட், சவுத் ஸ்ட்ரீட் என்று மூன்றே பெரிய தெருக்கள். ஒரு பக்கம் இடிந்த கோட்டை, இடிந்த தேவாலயம். இன்னொரு பக்கம் உலகப் புகழ் பெற்ற கோல்ஃப் மைதானம். சுற்றி வளைத்தால் கடல். பல்கலைக்கழகம் தொடங்கியது 1413-ல். ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கு அடுத்த சீனியர் இதுதான். இளவரசர் வில்லியம் 2001-ல் இங்கே சேர்ந்தார். கேட்டைச் சந்தித்ததும் இங்கேதான். (பி.காம். வகுப்பில் எனக்கு இப்படியெல்லாம் எதுவும் நடக்கவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.)

பழைய தேவாலய வாசலில், கருங்கல் தரையில் பி.ஹெச். என்று இரண்டு எழுத்து பதித்திருந்தது. ஹாயாக அதன் மேல் காலை வைக்கப் போனேன். முன்பின் தெரியாத ஒரு பையன் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தான்.

'ஆரம்பிச்சுட்டாங்கய்யா ராகிங்கை' என்று அடிவயிறு கலங்கியது. முப்பது வயது தாண்டியும் அந்தக் கலக்கம் போகவில்லை பாருங்கள்!

விஷயம் வேறு. 1528-ல் பேட்ரிக் ஹாமில்டன் என்பவரை, மதத்துக்கு விரோதமாகப் பேசினார் என்று உயிரோடு எரித்த இடம் அது. அந்த எழுத்தை மிதித்த மாணவன் பரீட்சையில் அவுட் என்பது நம்பிக்கை. பரிகாரமும் உண்டு. மே முதல் தேதி விடியற்காலையில் வட கடலில் ஒரு முங்கு! எட்டு டிகிரிக் குளிரில் முங்குவதற்கு அரியரே எழுதிவிடலாம்.

வரவேற்பு வாரம் என்றால் ஊரே திருவிழா. மாணவர் சங்கங்கள் எல்லாம் வரிசையாக மேஜை போட்டு ஆள் பிடிக்கின்றன. படகு விட, நாடகம் போட, விஸ்கியைச் சுவைத்துப் பார்க்க என்று எல்லாவற்றுக்கும் ஒரு சங்கம். 1794-ல் தொடங்கிய விவாதச் சங்கம்கூட "வாங்க, வாங்க" என்று கூப்பிடுகிறது. கோயம்பேட்டில் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற அதே சுருதி!

சரி, அந்த 'அம்மா அப்பா' சமாசாரம்?

மூன்றாம் வருட மாணவி ஒருத்தி, புதிதாக வந்த சிலரைத் 'தத்து' எடுத்துக்கொள்வாள். அவள் அம்மா. ஒரு சீனியர் பையன் அப்பா. எந்த லைப்ரரியில் எந்த மூலை சூடாக இருக்கும், காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன் பண்ணுவது... எல்லாம் இவர்கள் பொறுப்பு. அக்டோபரில் 'ரெய்சின்' வார இறுதி வரும். அந்தக் காலத்தில் பிள்ளைகள் நன்றிக்கடனாக அப்பாவுக்கு ஒரு பவுண்டு உலர்திராட்சை கொடுப்பார்களாம். அப்பா அதற்கு லத்தீனில் ரசீது எழுதித் தருவார். இப்போது திராட்சை போய் ஒயின் பாட்டில். ரசீதும் காகிதமாக இருக்க வேண்டியதில்லை. கோமாளித்தனமாக எதைக் கொடுத்தாலும், அதுதான் ரசீது. அம்மா போட்டுவிட்ட மாறுவேடத்தோடு, திங்கட்கிழமை காலையில் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கடைசியில் கல்லூரிப் புல்வெளியில் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் நுரையை அடித்துக்கொள்வார்கள்.

எல்லாம் சொக்கத் தங்கம் என்று சொல்ல மாட்டேன். அந்த இரண்டு நாளில் குடி அளவு மீறுவதும் உண்டு.

மூன்றாம் நாள், "குக்கர் வெயிட்டை வீட்டிலேயே விட்டுட்டேன் மாமா" என்று போன். 99-ம் நம்பர் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். உள்ளே ஸ்காட்லாந்து நடனம். அதன் பெயர் என்ன தெரியுமா? 'கேலி'!

நம்ம ஊரில் சீனியர்கள் ஜூனியர்களைக் கேலி செய்வார்கள். இங்கே ஜூனியர்களோடு சேர்ந்து 'கேலி' ஆடுகிறார்கள். ஒருவர் மைக்கில் ஒவ்வொரு அடியாகச் சொல்லிக் கொடுக்கிறார். பிறகுதான் வாத்தியம் முழங்குகிறது. தப்பாக ஆடினால்? இடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, மறுபடி கை கோத்துக்கொள்கிறார்கள்.

அக்கா மகள் வியர்க்க வியர்க்க வெளியே வந்தாள். கூடவே ஒரு செம்பட்டைத் தலைப் பெண். "மாமா, இவங்கதான் என் அம்மா." அம்மாவுக்கு இருபது வயது இருக்கும்.

மூன்று பேரும் டீ குடித்தோம். காசு எடுக்கப் போனேன். அந்தப் பெண் தடுத்துவிட்டாள். "அம்மாதான் கொடுக்கணும், அது வழக்கம்" என்றாள். பிறகு விளையாட்டாகக் கேட்டாள். "உங்க காலேஜ்ல உங்க அப்பா யாரு?"

"அப்படி யாரும் இல்லை."

"பிள்ளைங்க?"

டீ தொண்டையில் நின்றது.

ராகிங்கைத் தடுக்க 1997-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதற்குப் பத்து வருடம் கழித்தும் எங்கள் ஹாஸ்டல் மாடிப்படி ஏறி அது வரவில்லை. முதல் வருடம் என்னை வராண்டா முழுக்கத் தீக்குச்சியால் அளக்க வைத்தார்கள். அடுத்த வருடம் அந்தக் கடனை வட்டியும் முதலுமாக வசூலிக்க எனக்கு ஒருவன் கிடைத்தான். தகர டிரங்குப் பெட்டியோடு வந்தவன். ராத்திரி இரண்டு மணி வரை அளந்தான். எத்தனை குச்சி என்று சொன்னான். "கணக்கு தப்பு, மறுபடி அளடா" என்றேன். கணக்கு எனக்கும் தெரியாது என்பதுதான் உண்மை. மூன்றாம் நாள் காலையில் கட்டிலடியில் டிரங்குப் பெட்டி இல்லை. எங்கே போனான், படித்தானா... விசாரிக்கக்கூட இல்லை.

"ஒருத்தன் இருந்தான். மூணாம் நாள் ஊருக்குப் போயிட்டான்" என்றேன். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அக்கா மகள் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார், உங்கள் ஆபீஸிலும் ஒருநாள் புதுப் பையன் ஒருவன் வந்து சேருவான். எந்த நாற்காலியில் உட்காருவது என்று தெரியாமல் டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவனை டீக்கடைக்குக் கூட்டிப் போங்கள். காசு நீங்களே கொடுங்கள்.

திராட்சையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்!