உலக்கை ஏன் நின்றது?

ஏன் என்று கேட்டால் அதிகப்பிரசங்கி என்று பெயர் சூட்டும் நாடு இது. வீட்டிலே கேட்டால் பெரியவர் சீறுவர். கோவிலிலே கேட்டால் பாவம் என்பர். பள்ளியிலேனும் கேட்கலாமோ என்றால், "பாடம் முடியவில்லை, உட்கார்!" என்கிறோம். கேள்வி பிறக்கவேண்டிய இடத்திலேயே கேள்விக்குத் தடை! பிறகு, அறிவியல் பட்டம் பெற்ற இளைஞன் புது வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறானே என்று அங்கலாய்த்துப் பயன் என்ன? அவன் படித்தான், ஒப்பித்தான், மதிப்பெண் பெற்றான், ஆராய்ந்தானில்லை.

2019 டிசம்பர் 26 அன்று கதிரவன் நெருப்பு வளையமாகத் தமிழகத்தில் தெரிந்தான். ஆய்வாளர் வானை நோக்கினர். பல ஊர்களிலே மக்களோ தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்தி, "கிரகணம் விடும்வரை நிற்கும்" என்று வியந்தனர்.

நாம் கலைப் பட்டம் பெற்றவர். அறிவியல் ஆசிரியர் இடம் காலியாகவே, எட்டாம் வகுப்பின் அறிவியலும் நம் கைக்கு வந்தது. கிரகணம் பற்றிய பாடத்தின்போது ஒரு சிறுமி எழுந்து உலக்கைச் செய்தியைச் சொன்னாள். வகுப்பு சிரித்தது. அவள் கண் கலங்கி, "எங்க அப்பத்தா பொய் சொல்லாது, ஐயா" என்றாள்.

மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். முடித்திருந்தால், புரோகிதர்க்கும் நமக்கும் வேற்றுமை ஏது? நூல் மாறியிருக்கும், "நம்பு" என்ற கட்டளை மாறியிராதே!

"கிரகணம் இல்லாத நாளில் உலக்கை நிற்காது என்று பார்த்தவர் யார்?" என்று கேட்டோம். விடையில்லை. மறுநாள் உலக்கை வந்தது. கிரகணமும் இல்லை, அமாவாசையும் இல்லை, வெறும் புதன்கிழமை. மூன்று முறை விழுந்தது. நான்காம் முறை நின்றது! தட்டை எடுத்தனர், நின்றது. தண்ணீரை அகற்றினர், நின்றது. தேய்ந்து உருண்ட முனையைக் கீழே வைத்தனர்; நிற்கவில்லை. மெல்லச் சாய்த்துப் பார்த்து, எந்த அளவைத் தாண்டினால் விழுகிறது என்று குறித்தனர். ஈர்ப்பு மையத்தினின்று இறங்கும் நேர்கோடு அடிப்பரப்பினுள் விழும்வரை பொருள் நிற்கும் என்பதைப் பிறகு நாம் சொன்னபோது, அது அவர்களுக்குப் பாடமாக இல்லை. தாங்கள் கண்டதற்கு வைத்த பெயராக இருந்தது.

ஒரு மாணவன் மேலும் போனான்: "அமாவாசைதோறும் சூரியனும் நிலாவும் ஒரே பக்கம்தானே? இழுப்பதானால் மாதாமாதம் இழுக்கவேண்டுமே?" அந்தச் சிறுமியோ, "அப்பத்தா பார்த்தது மெய்தான், மற்ற நாளிலே நிறுத்திப் பார்க்கவில்லை" என்றாள். மூத்தோரை இழிக்காமலே மூடத்தனத்தை வென்றுவிட்டாள்!

"இரண்டு பாடவேளை வீண்" என்றார் மேலவர் ஒருவர். இந்தக் குரல் புதிதன்று. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில், 1972ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. சிற்றூர்ப் பிள்ளைகள் தாமே சோதனை செய்து அறிவியல் கற்றனர். தேர்வில் நூலைத் திறந்து வைத்து எழுதலாம், செய்முறையும் உண்டு. "சவாலிராம்" என்ற கற்பனை மனிதருக்குப் பிள்ளைகள் தம் ஐயங்களைக் கடிதமாக எழுதினர், விடையும் வந்தது. ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளுக்குப் பரவிய அம்முயற்சியை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. முப்பதாண்டு உழைப்பு, ஓர் ஆணையில் முடிந்தது!

அறிவியல் மனப்பான்மையையும் ஆராயும் உணர்வையும் வளர்ப்பது குடிமகன் கடமை என்று 1976ஆம் ஆண்டின் திருத்தம் அரசியல் சட்டத்தில் எழுதிவைத்தது. ஏட்டிலே எழுதினால் போதுமா? வகுப்பிலே நேரம் வேண்டாமா? விழுந்த உலக்கையை நான்காம் முறையும் நிறுத்திப் பார்க்கும் பொறுமை வேண்டாமா?

தோழர்களே! மேடையில் நாம் முழங்கும் பகுத்தறிவு, கேட்போர் கையொலியோடு கலைந்துபோகலாம். பிள்ளை தன் கையால் கண்ட உண்மை கலையாது. ஊர்தோறும் படிப்பகம் வைத்திருக்கிறோம். மாலையில் ஒரு மணி நேரம் அதைச் சிறுவர்க்குத் திறந்து விடுங்கள். ஒரு தராசு, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு கேள்விப் பெட்டி போதும். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவர்கள் தேடட்டும்!