மின்னல் எந்த ஒயர் வழியாக வருகிறது?

எங்கள் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் முக்கால் கிலோமீட்டர் தூரம். நடுவில் ஓடை இருப்பதால் ஒயர் இழுக்க வழியில்லை. வீட்டு மொட்டை மாடியில் ஒன்று, மோட்டார் ரூம் கம்பத்தில் ஒன்று என இரண்டு வயர்லெஸ் பெட்டிகளை எதிரெதிராக வைத்திருக்கிறோம். மாட்டுக் கொட்டகை கேமராவும், செல்போனில் மோட்டார் போடும் கருவியும் இதை நம்பித்தான் ஓடுகின்றன. சினை மாடு கன்று போடும் ராத்திரியில், வயதான அப்பா டார்ச் லைட்டோடு ஓடை தாண்ட வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

சித்திரை கோடை மழையும் ஐப்பசி மழையும் இடியோடுதான் வரும். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு தென்னையில் மின்னல் விழுந்தபோது, ஐம்பது அடி தள்ளி இருந்த வயர்லெஸ் பெட்டி, அடாப்டர், கேமரா மூன்றும் போய்விட்டன. "கரண்ட் லைனில் எம்.சி.பி. இருந்ததே, எப்படிப் போச்சு?" என்று அந்த அண்ணன் கேட்டார். பலருக்கும் இதே சந்தேகம் இருக்கிறது.

எம்.சி.பி. அதிக லோடுக்கும் ஷார்ட்டுக்கும் டிரிப் ஆகும். மின்னல் வேகத்துக்கு அது ஈடு கொடுக்காது. மேலும், மின்னல் மரத்தில் விழுந்தாலும் பக்கத்தில் உள்ள நீளமான ஒயர்களில் மின்னழுத்தம் தூண்டப்படும். கம்பத்திலிருந்து இறங்கும் லேன் ஒயரும் அப்படிப்பட்ட ஒயர்தான். கரண்ட் லைனுக்கு மட்டும் காவல் போட்டால் இந்தக் கதவு திறந்தே கிடக்கும்.

இதற்கென்றே லேன் ஒயருக்கான சர்ஜ் புரொடெக்டர் கிடைக்கிறது. வாங்கும்போது நான் நான்கு விஷயங்கள் பார்ப்பேன்.

முதலாவது, வோல்ட். வயர்லெஸ் பெட்டிக்கு லேன் ஒயரிலேயே கரண்டும் போகிறது. சிலவற்றுக்கு 24 வோல்ட், சிலவற்றுக்கு 48 வோல்ட். அடாப்டரில் எழுதியிருப்பதைப் பார்த்து, அதைத் தாங்கும் புரொடெக்டரை வாங்க வேண்டும். கரண்டைக் கடத்தாத வகையை மாட்டினால் பெட்டி எரியவே எரியாது.

இரண்டாவது, லேன் ஒயருக்குள் இருக்கும் எட்டு கம்பிகளையும் காக்கிறதா என்று கேளுங்கள். நான்கை மட்டும் காத்தால் மீதி நான்கு வழியாக மின்னல் நுழையும்.

மூன்றாவது, வெளியில் வைப்பது மழை வெயிலுக்கான மூடிய பெட்டியாக இருக்கட்டும். ஒயர் நுழையும் துளை கீழ்ப்பக்கம் பார்க்க மாட்டினால் தண்ணீர் இறங்காது.

நான்காவது, எர்த் கம்பி மாட்டும் திருகு. அது இல்லாததை வாங்கவே வேண்டாம். அதிக மின்னழுத்தத்தை மண்ணுக்குத் திருப்பி விடுவதுதான் இந்தக் கருவியின் வேலை. எர்த் இல்லையென்றால், மடை இல்லாத வாய்க்கால் மாதிரி, வந்த வெள்ளம் வயலுக்குள்தான் பாயும்.

ஒவ்வொரு லேன் ஒயருக்கும் இரண்டு புரொடெக்டர் வேண்டும்: கம்பத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் ஒன்று, ஒயர் ரூமுக்குள் நுழையும் இடத்தில், அடாப்டருக்கு முன்னால், இன்னொன்று. எர்த் கம்பி தடித்த செம்புக் கம்பியாக, சுருளோ வளைவோ இல்லாமல், முடிந்தவரை குட்டையாக இறங்க வேண்டும். கம்பத்துக்குத் தனி எர்த் அடித்தால், அதை ரூமின் எர்த்தோடும் இணைத்துவிடுங்கள். தனித்தனியாக விட்டால், மின்னல் விழும்போது இரண்டு எர்த்துக்கும் இடையே வரும் வித்தியாசம் லேன் ஒயர் வழியாகவே பாயும். இந்த வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். கரியும் உப்பும் போட்ட எர்த் குழிக்கு, கோடையில் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.

கரண்ட் லைனுக்குத் தனி சர்ஜ் புரொடெக்டர் மெயின் போர்டில் வேண்டும். ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது.

நேராகக் கம்பத்திலேயே மின்னல் விழுந்தால் எந்தக் கருவியும் உத்தரவாதம் இல்லை. மழை கறுத்து வரும்போதே பிளக்கையும் லேன் ஒயரையும் கழற்றி விடுங்கள். இடி இடிக்கத் தொடங்கிவிட்டால் தொட வேண்டாம். பெட்டி போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். பலமான இடிக்குப் பிறகு இணைப்பு வராவிட்டால், முதலில் புரொடெக்டரை மாற்றிப் பாருங்கள். அடியைத் தான் வாங்கிக்கொண்டு பெட்டியைக் காப்பாற்றியிருக்கலாம்.