பெயரில் மட்டும் எஞ்சிய தோல்

தொலைதூர மிதிவண்டிப் பயணிகள் ‘ஷாமி க்ரீம்’ என்றழைக்கும் களிம்பின் பெயருக்குள் ஒரு விலங்கு இருக்கிறது. ஷாமுவா, ஐரோப்பிய மலைகளில் வாழும் ஆட்டினம்; இடுக்கி மாவட்டத்து இரவிகுளத்தின் பாறைச் சரிவுகளில் மேயும் வரையாட்டுக்குத் தூரத்து உறவு. அதன் மென்தோலை முற்காலப் பந்தய வீரர்கள் கால்சட்டையின் உட்புறத்தில் வைத்துத் தைத்தனர். துவைத்துக் காய்ந்ததும் தோல் விறைத்துவிடும். அதை இளக்கவே களிம்பு பூசினர். இன்று அத்தோலின் இடத்தில் செயற்கை இழைத் திண்டு இருக்கிறது. களிம்பு மட்டும் நிலைத்தது. விலங்கின் தோலுக்காக வந்தது, மனிதரின் தோலுக்கு உரியதாயிற்று.

மனிதத் தோலை வருத்துபவை உராய்வு, அழுத்தம், வெப்பம், ஈரம். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு செல்லும் சாலை இவை அனைத்தையும் ஒரே பயணத்தில் காட்டிவிடும். கணவாயில் கோடை வெயில், சின்னாற்றில் மழைமறைவு நிலத்தின் வறட்சி, மறையூரைக் கடந்ததும் தேயிலைச் சரிவுகளின் தூறல்.

வீட்டிலுள்ள தேங்காய் எண்ணெய் போதாதா என்று கேட்பது இயல்பு. ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸில் உருகும் அது, பாலக்காட்டில் நீராய் வழிந்து திண்டுக்குள் இறங்கிவிடும். மூணாற்றின் குளிர்ந்த விடியலில் புட்டிக்குள் உறைந்து கிடக்கும். பெட்ரோலியம் ஜெல்லி மழைக்குக் கரையாது. ஆனால் திண்டின் இழைகளைப் பற்றிக்கொண்டு எளிதில் வெளுக்காது. பவுடர் வியர்வை பட்டதும் கட்டிதட்டும். நீர் கலந்த க்ரீம் கழுவ எளிது. வழியில் மீண்டும் பூசியாக வேண்டும். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணியும் 600 கிலோமீட்டருக்கு 40 மணியும் வரம்பாகக் கொண்ட பிரெவெ பயணங்களில், சிறு ட்யூப் ஒன்று சட்டைப்பையில் இருப்பது இதனால்தான். மெந்தாலின் குளிர்ச்சி சிலருக்கு இதம்; உரசிச் சிவந்த தோலில் அதுவே எரிச்சல். பெண்களுக்கு மணமூட்டியும் மெந்தாலும் இல்லாததே பாதுகாப்பானது. எதுவாயினும் நெடும்பயணத்தன்று புதிதாகத் தொடங்கலாகாது; குறும்பயணத்தில் சோதித்தறிய வேண்டும்.

இவற்றினும் பெரிய இடர் வெட்கத்தால் வருகிறது. முழங்கால் வலியைத் தோழரிடம் சொல்லும் நாக்கு, தொடையிடுக்கின் அரிப்பைச் சொல்லத் தயங்குகிறது. மருந்துக்கடையில் தாழ்ந்த குரலில் கேட்டு வாங்கும் ட்யூப், பெரும்பாலும் ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் கலந்ததாக அமைந்துவிடுகிறது. அரிப்பு விரைவில் அடங்கும். படர்தாமரை அடங்காது, உருமாறிப் பரவும், தோலும் மெலியும். இந்தியத் தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்துவருவது இதைத்தான். அதே ட்யூபை அடுத்த பயணத்துக்கு முன் காப்பாகப் பூசுவது கேட்டை வளர்ப்பதாகும்.

ஷாமி க்ரீம் மருந்தன்று. உராய்வைக் குறைப்பது மட்டுமே அதன் தொழில். இருக்கையின் உயரமும் சாய்வும் பிழையாயின் எக்களிம்பும் ஈடுசெய்யாது. திண்டுள்ள கால்சட்டைக்குள் வேறு உள்ளாடை வேண்டியதில்லை. பயணம் முடிந்ததும் அதைக் களைந்து, உடலைக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். கட்டியோ சீழோ காய்ச்சலோ கண்டால் மருத்துவரிடம் அவ்விடத்தைப் பெயர் சொல்லியே காட்ட வேண்டும். பல நாள் துன்பத்தை அந்த ஒரு சொல் தவிர்த்துவிடும்.