தட்டும் கரமும் தளராத பிடியும்



இவ்வாரத் தியானப் பகுதி: மத்தேயு 18:21-35.

நம் புதுச்சேரி சபையின் வாலிபர் ஒருவர் ஜியு-ஜிட்சு பயில்கிறார். "ஐயா, பிறர் கழுத்தை நெரிக்கும் வித்தையை விசுவாசி கற்கலாமா?" என்று அவருடைய தாயார் என்னிடம் வினவினார்கள். மறுமொழி கூறுமுன் அப்பயிற்சியைக் காணச் சென்றேன்.

பின்னாலிருந்து இடும் பிடியில், முழங்கையின் உள்மடிப்பு எதிராளியின் மோவாய்க்கு நேர்கீழே அமையவேண்டும். அப்போது கழுத்தின் இருபுறத்து இரத்தக்குழாய்களே அழுந்தும், மூச்சுக்குழாய் நசுங்காது. வெறும் புயபலத்தால் நெரிப்பவன் விரைவில் சோர்ந்துபோவான். கரங்களை ஒழுங்காகப் பூட்டி, நெஞ்சை விரித்து மெல்ல இறுக்குகிறவனுக்குச் சிறு பலமே போதும். சரியாக அமைந்த பிடி ஏறத்தாழ 10 விநாடிகளில் ஒருவரை நினைவிழக்கச் செய்துவிடும்.

ஆதலால் அங்கே யாவரும் முதலில் கற்பது விடுவதையே. எதிராளி கையால் தட்டிய கணமே பிடி தளரவேண்டும். குரலெழுப்ப இயலாதவனின் மன்றாட்டு அந்தத் தட்டு. பழைய ஜியு-ஜிட்சுவிலிருந்து 1882-இல் ஜூடோவை வகுத்த ஜிகோரோ கானோ, இருவரும் நலம்பெறுவதையே அதன் நோக்கங்களில் ஒன்றாக வைத்தார். தோழன் நம்பித் தன் கழுத்தைக் கொடாவிட்டால் அங்கே ஒருவரும் கற்க இயலாது.

இப்போது ஆண்டவர் சொன்ன உவமையைப் பாருங்கள். பத்தாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பெற்றவன், நூறு வெள்ளிப்பணத்திற்காக உடன் ஊழியனின் தொண்டையைப் பிடிக்கிறான். அவன் காலில் விழுந்து கெஞ்சுகிறான். அதுவும் ஒரு தட்டுதான். ஆயினும் பிடி தளரவில்லை.

பிரியமானவர்களே, பாகப்பிரிவினையில் பிரிந்த தம்பி பண்டிகைக்கு வாசல்வரை வந்து நிற்பதும், வார்த்தை தடித்த மனைவி மௌனமாய்ச் சோறு பரிமாறுவதும், கடன்பட்டவன் தலைகவிழ்ந்து தவணை கேட்பதும் தட்டுகள் அல்லவா? நியாயம் நம் பக்கம் இருக்கலாம். பிடியும் சரியாகவே அமைந்திருக்கலாம். தட்டிய பின்னும் இறுக்கினால் அது நியாயமன்று, கொடுமை.

அந்தத் தாயாரிடம் நான் கூறியது இதுவே: "அம்மா, மகன் கற்கட்டும். விடுவதையும் அங்கேதான் கற்கிறான்."

ஜெபம்: எங்கள் பெருங்கடனை மன்னித்த பிதாவே, எங்கள் பிடியில் தவிப்போரின் தட்டுதலை உணரும் இருதயத்தை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.